மூன்று பேர் இருக்கிறோம்

புவனேசன் அன்றைக்குச் சொன்னதைச் சொன்னபடியே திருப்பிச் சொன்னான். குணாளனுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

"ஒன்றாம் நம்பர். தண்ணீர் வால்வு. கால் சுற்று திற," என்று குணாளன் வாக்கி டாக்கியில் சொன்னான். வழக்கமாக இதற்கு, "ஆ, ஓகேலா ணே," என்று பதில் வரும். கூடவே புவனேசன் எதையோ மெல்லுகிற சத்தமும் வரும். அன்றைக்கு ஒரு சின்னக் கரகரப்புக்குப் பிறகு அவன் குரல் தெளிவாக, "ஒன்றாம் நம்பர். தண்ணீர் வால்வு. கால் சுற்று திற," என்றது. பிறகு அமைதி. குணாளன் ஒப்புக்கொள்வதற்காகக் காத்திருக்கும் அமைதி.

"சரி," என்றான் குணாளன்.

திரையில் தண்ணீர் மட்டம் மெல்ல ஏறியது. பெருநாளும் அதுவுமாகப் பையனுக்கு ஞானம் பிறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

மலேசியாவின் கூலிம் ஊரில் அது ஒரு கையுறைத் தொழிற்சாலை. முன்பு அங்கே ரப்பர் தோட்டம் இருந்தது; பால் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, வேறெங்கிருந்தோ பாலை லாரியில் கொண்டுவந்து கையுறை செய்தார்கள். தொழிற்சாலைக்கு நீராவி கொடுக்க இரண்டு பாய்லர்கள். ஒவ்வொன்றும் ஒரு வீடு அளவுக்கு இரும்பு அடுப்பு. செம்பனைக் கொட்டை ஓட்டைத் தின்றுவிட்டுச் சாம்பலைத் துப்பும். அவற்றை ஆட்டிவைக்கிற கண்ட்ரோல் ரூமில் ஜன்னல் கிடையாது. பகலா இரவா, மழையா வெயிலா என்று தெரியாது. ஏர்கோன் குளிரின் ஈரத்துணி வாசனையும் திரைகளின் நீல வெளிச்சமும்தான் எப்போதும். குணாளன் அதற்குள் பல வருடங்களாக உட்கார்ந்து உட்கார்ந்து, தானும் ஒரு தளவாடமாகிவிட்டதாகச் சொல்லிக்கொள்வான். தளவாடத்துக்காவது வருடத்துக்கொரு முறை பழுது பார்க்க ஆள் வரும் என்பான்.

சுவரில் ஒரு சுவரொட்டி இருந்தது. தொழிற்சாலைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மூன்று பேர், வெள்ளை வெளேரென்ற தலைக்கவசத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல குழு என்றால் என்ன என்பது அதன் கீழே எழுதியிருந்தது. ஒருவர் சொல்ல வேண்டும். கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் 'சரி' என்ற பிறகுதான் எவரும் எதையும் தொட வேண்டும். வார்த்தை மாறினால், மறுபடியும் முதலிலிருந்து. கோலாலம்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் இதைச் சொல்லிக்கொடுத்தபோது மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். குணாளன் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டான். ஒரு வால்வை மாற்றித் திறந்தால் மனிதன் வெந்துவிடுவான் என்பது அவனுக்குத் தெரியும். அதோடு, அவன் சொல்வதை யாராவது முழுதாகக் கேட்டாக வேண்டும் என்று உலகத்தில் ஒரு சட்டம் இருந்தது என்றால், அது இந்தச் சுவரொட்டி ஒன்றுதான். மனைவி மோகனா மகளைக் கூட்டிக்கொண்டு ஜொகூருக்குப் போய் வருடங்களாகிவிட்டன. "உங்ககிட்ட எதைப் பேசினாலும் ஜோக்காப் போயிடுது," என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. அதற்கும் அவன் ஒரு ஜோக் சொன்னான். நல்ல ஜோக் வேறு. இப்போது கடைவீட்டு மாடியறையில் அவனுக்குப் பதில் சொல்வது சோறு வேகும் மின்சாரச் சட்டி மட்டும்தான். அதுவும் வெந்தவுடன் ஒரு 'டிக்'.

நோன்புப் பெருநாளுக்கு மலாய் நண்பர்கள் ஊருக்குப் போவார்கள். தமிழர்கள் வேலை பார்ப்பார்கள். தீபாவளிக்கு அவர்கள் பார்ப்பார்கள். யாரும் எழுதிவைக்காத ஒப்பந்தம். குணாளனோ இரண்டுக்கும் வேலைக்கு வந்துவிடுவான். கேட்டால், எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கொள்ளாது என்பான்.

அன்றைக்கு மூன்று பேர் இருக்க வேண்டும். இரண்டாம் நம்பர் பாய்லர் அணைந்து ஆறிக் கிடந்தது. அதன் அடுப்புக்குள் இறங்கிச் சாம்பல் கட்டிகளைத் தட்டி எடுக்க வேண்டும். அதற்கு விதி உண்டு. ஒருவர் பேனலில், ஒருவர் அடுப்புக்குள், ஒருவர் அடுப்பின் வாசலில். வாசலில் நிற்பவர் இல்லாமல் உள்ளே போகக் கூடாது. வாசலில் நிற்க வேண்டிய காளிதாசன், காலையில் பாடாங் மேஹாவிலிருந்து வரும் வழியில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்துவிட்டான். கால் வீங்கிவிட்டது, வர முடியாது என்று தகவல் அனுப்பியிருந்தான்.

அப்படியானால் மேலாளருக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் அஸ்மானை வரச் சொல்வார்கள். ஷிப்ட் தலைவர் அஸ்மான் தஞ்சோங் டாவாயில் தன் அம்மா வீட்டில் இருந்தார். அம்மாவுக்கு இது கடைசிப் பெருநாளாக இருக்கலாம் என்று போன வாரம்தான் கண் கலங்கியிருந்தார். காலையில் அவரே கூப்பிட்டார். பின்னால் பிள்ளைகள் பட்டாசு கொளுத்தும் சத்தம்; வாசலில் மூங்கிலில் லெமாங் சோறு சுட்டுக்கொண்டிருந்தார்களாம்.

"ஓராங் சுக்கோப் கா, குணா?" ஆள் போதுமா என்று கேட்டார்.

"சுக்கோப் பாங். தீகா ஓராங்," என்றான் குணாளன். மூன்று பேர் இருக்கிறோம்.

போனை வைத்தபோது, மேசையில் கிடந்த வாக்கி டாக்கி ஒரு முறை கரகரத்து அடங்கியது.

புவனேசனிடம் கண்டிப்பாகச் சொல்லித்தான் அனுப்பினான். "இரண்டாம் நம்பர் உள்ள காலை வெச்சே, காலை உடைப்பேன். ஏற்கனவே ஒருத்தன் கால் உடைஞ்சு கிடக்கான். ஒன்றாம் நம்பரை மட்டும் சுத்திப் பாரு, போதும்."

"அப்புறம் அடுப்பு யாரு கிளீன் பண்றது? உங்க மாமியாரா?"

"அவங்க வந்தா அடுப்பே ஓடிடும்டா."

"ஓகேலா ணே. மத்தியானம் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வாங்க, இந்த ஜோக்கை அங்க சொல்லுங்க. பாப்பா காலையிலேயே கேட்டா, பெரியப்பா எப்ப வருவாருன்னு. நான் வேலைக்குக் கிளம்பறேன், டாட்டா கூடச் சொல்லல. பெரியப்பாதான் வேணுமாம்." புவனேசன் சிரித்துக்கொண்டே தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போனான்.

அதன் பிறகுதான் இந்த ஒழுங்கு. எண்ணெய் அழுத்தத்தைப் பார்க்கச் சொன்னான்; குரல் திருப்பிச் சொல்லிப் பார்த்தது. சாம்பல் கதவை இறக்கச் சொன்னான். திருப்பிச் சொல்லி இறக்கியது. ஒவ்வொன்றும் திரையில் உடனே தெரிந்தது. குணாளன் இத்தனை வருடத்தில் இப்படியொரு கூட்டு வேலையைப் பார்த்ததில்லை. சுவரொட்டி ஆட்கள் இறங்கி வந்து வேலை செய்கிற மாதிரி இருந்தது.

அவனுக்குக் கொஞ்சம் விளையாடிப் பார்க்கத் தோன்றியது.

"புவனேசன். உன் மூஞ்சி. பனியன் விளம்பரத்துக்குத்தான். லாயக்கு."

கரகரப்பு. "புவனேசன். உன் மூஞ்சி. பனியன் விளம்பரத்துக்குத்தான். லாயக்கு."

குணாளன் சத்தமாகச் சிரித்தான். சிரிப்பு அந்த அறையில் தனியாக ஒரு சுற்று சுற்றிவிட்டு அவனிடமே வந்தது. புவனேசன் இதற்குச் சும்மா இருக்கிறவன் இல்லை. ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவன். வாக்கி டாக்கியோ எதிர்ப்பக்கம் திறந்தபடியே காத்திருந்தது. குணாளன் அதைக் காதுக்கு அருகில் கொண்டுபோனான். பாய்லர் கூடத்தில் இருந்து பேசினால் விசிறியின் இரைச்சல் கேட்கும், ஓடு உருளும் சத்தம் கேட்கும், யாராவது பேசினால் கத்தித்தான் பேச வேண்டியிருக்கும். இந்தக் குரலுக்குப் பின்னால் எதுவுமே இல்லை. மூச்சுக்கூட இல்லை. மூடிய ஒரு சின்ன இடத்திலிருந்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது.

"சரி," என்றான். சொன்னால்தான் அது விடும் போலிருந்தது.

சொல்லக் கூச்சப்பட வேண்டிய ஒன்றை அவன் அடுத்துச் செய்தான். தனியாக இருப்பவர்கள் செய்வதுதான். அறையில் யாரும் இல்லை என்று தெரிந்தும் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, பொத்தானை அழுத்தி, அதே வானொலிச் செய்திக் குரலில் சொன்னான்: "எனக்கு. வீட்டுக்குப் போகவே. பிடிக்கவில்லை."

"எனக்கு. வீட்டுக்குப் போகவே. பிடிக்கவில்லை."

தன் வாக்கியம் இன்னொருவர் வாயிலிருந்து, ஒரு சொல் சிந்தாமல், கேலி இல்லாமல் வந்ததைக் கேட்டபோது அவன் வாக்கி டாக்கியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு ஒருவர் அவன் சொன்னதை முழுதாகக் கேட்டிருக்கிறார்.

"சரி," என்றான் மெதுவாக.

மேசைத் தொலைபேசி அடித்தது.

"ணே, பசியாறிட்டீங்களா?" புவனேசன். கத்திப் பேசினான். பின்னால் விசிறியின் இரைச்சல், ஓடு உருளும் சத்தம், எல்லாம் இருந்தன. வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தான்.

குணாளன் கையிலிருந்த வாக்கி டாக்கியைப் பார்த்தான். "எங்கடா இருக்கே?"

"இரண்டாம் நம்பர் பக்கத்துச் சுவர் போன்ல. என் வாக்கி டாக்கி காலையிலேயே செத்துப் போச்சு. காளி அண்ணன்கிட்ட சொல்லி விட்டேனே, சொல்லலையா?"

"காளியா?"

"வந்துட்டாரே! கால் வீங்கிடுச்சுன்னு சும்மா டூப் விட்டிருக்காரு போல. நல்லாத்தான் நிக்கிறாரு. அதான் நான் உள்ள இறங்கிப் பாதி தட்டிட்டேன், அவரு வாசல்ல நிக்கிறாரு. தண்ணி குடிக்க வெளிய வந்தேன்."

குணாளனுக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. வந்துவிட்டான். மூன்று பேர் ஆகிவிட்டது. அஸ்மானிடம் சொன்னது பொய்யில்லை.

"ஆனா ஆளு ஒரு மாதிரி இருக்காரு ணே," புவனேசன் குரலைத் தாழ்த்தினான். "தூசி மாஸ்க்கைக் கழட்டவே மாட்டேங்கிறாரு. நான் என்ன சொன்னாலும் அதையே திருப்பிச் சொல்றாரு. லைட்டைப் பிடிங்கன்னா, லைட்டைப் பிடிங்கங்கிறாரு. உங்க கிளாஸ்ல நல்லாப் படிச்சிட்டாரு போல." சிரித்தான். "சரி ணே, கை காட்டிக் கூப்பிடுறாரு. இன்னும் கொஞ்சம்தான் இருக்கு."

"புவனேசா, இரு—"

வைத்துவிட்டான்.

குணாளன் தன் கைப்பேசியில் காளிதாசனைக் கூப்பிட்டான். அவன் மனைவி இராசாத்தி எடுத்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இவரால எழுந்திரிக்கவே முடியல. ஆஸ்பத்திரியில கால் படம் எடுத்து இப்பத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வெச்சேன். இருங்க, கொடுக்கறேன்."

"சோரிலா குணா," என்று காளிதாசன் முனகினான். "ரொம்ப டெருக்கா இருக்கு, வலி தாங்கல. யாரையாச்சும் வாசல்ல நிக்க வெச்சுக்க. பையனைத் தனியா விட்டுடாதே, ஆ?"

குணாளன் இணைப்பைத் துண்டிக்காமலே கைப்பேசியை மேசையில் வைத்தான். திரைகளின் கடைசியில், கேமரா காட்டும் சிறு கட்டத்தைப் பார்த்தான். தூசி படிந்த சாம்பல் நிறப் படம். இரண்டாம் நம்பரின் முகப்பு. திறந்த இரும்புக் கதவு, அதற்குள் இருட்டு, அந்த இருட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்த புவனேசனின் பூட்ஸ். கதவருகே ஒருவர். தலைக்கவசம் இருந்தது. சட்டை காளிதாசனுடையது மாதிரியே இருந்தது. முதுகு மட்டும் தெரிந்தது. வேலை செய்யும் மனிதன் அசைவான், சொறிவான், கால் மாற்றி நிற்பான். அது நின்றது.

பூட்ஸ் உள்ளே போய் மறைந்தது.

அது இரண்டு கைகளாலும் கதவைப் பிடித்து, அவசரமில்லாமல் மூடியது. கைப்பிடியைக் கடைசி வரை திருகியது. ஒரு முறை இழுத்துச் சோதித்தது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி. குணாளனின் பேனலில் 'கதவு மூடியது' என்ற விளக்கு பச்சையானது.

அவன் நாற்காலியிலிருந்து எழுந்தான். ஓடினால் போய்விடலாம். கூடத்தைத் தாண்டி, படி இறங்கி.

வாக்கி டாக்கி கரகரத்தது.

"இரண்டாம் நம்பர்," என்றது புவனேசனின் குரல். "விசிறி. ஓட விடு."

"இரண்டாம் நம்பர். விசிறி. ஓட விடு," என்றான் குணாளன்.

யோசிக்கவில்லை. பல வருடப் பழக்கம். யாராவது சொன்னால், வாய் திருப்பிச் சொல்லிவிடும்.

"சரி," என்றது குரல்.

அவன் உட்கார்ந்திருந்தான். எப்போது உட்கார்ந்தான் என்று தெரியவில்லை. வலது கை போய் விசிறியின் பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பி வந்து தொடை மேல் அமர்ந்துகொண்டது, நல்ல பிள்ளையாக. தூரத்தில் இரண்டாம் நம்பர் உறுமத் தொடங்கியது. தரை லேசாக அதிர்ந்தது.

அவசரமாக நிறுத்தும் சிவப்புப் பொத்தான் எதிரில்தான் இருந்தது. கையை நீட்டினான். நீளவில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கப் பார்த்தான். இடது கையும் மடியிலேயே கிடந்தது. ஒப்புக்கொள்ளாத எதையும் தொடாதே என்று அவன்தான் இந்தக் கைகளுக்குப் பழக்கியிருந்தான். நன்றாகப் பழகியிருந்தன.

கைப்பேசி மேசையில் திறந்தே கிடந்தது. "குணா? ஹலோ?" என்றது காளிதாசனின் குரல். குணாளன் கத்த வாயைத் திறந்தான். "குணா? ஹலோ?" என்று அவன் வாய் திருப்பிச் சொன்னது. காளிதாசன், "லைன் சரியில்ல போல," என்று யாரிடமோ சொல்லிவிட்டு வைத்தான்.

திரையில் அது இப்போது கேமராவைப் பார்த்துத் திரும்பி நின்றது. முகமூடி. தலைக்கவசம். நடுவில் இருக்க வேண்டியது தெரியவில்லை, தூசியாக இருக்கலாம். கதவில் ஒரு சின்னக் கண்ணாடித் துளை உண்டு, தீ எரிவதைப் பார்ப்பதற்கு. அதற்குள்ளிருந்து ஒரு வெளிச்சம் தெரிந்தது. டார்ச். இடமும் வலமும் வேகமாக ஆடியது.

"இரண்டாம் நம்பர். அடுப்பு. பற்ற வை."

குணாளனின் உதடுகள் பிரிந்தன. இரண்டாம் நம்பர், என்றது வாய். அவன் நாக்கைக் கடித்தான். உப்பு ருசித்தது.

அப்போதுதான் அவனுக்கு விதி நினைவுக்கு வந்தது. வார்த்தை மாறினால், மறுபடியும் முதலிலிருந்து.

"இரண்டாம் நம்பர்," என்றான். முழு உடம்பின் பலத்தையும் நாக்கில் கொண்டுவந்து வைத்து, "பந்தல். கட்டி வை."

கரகரப்பு.

"தவறு," என்றது குரல். பொறுமையான, ஆசிரியர்க் குரல். அவன் புவனேசனிடம் சொல்வது அப்படியேதான் இருக்கும். "மறுபடி. இரண்டாம் நம்பர். அடுப்பு. பற்ற வை."

"இரண்டாம் நம்பர். லெமாங். சுட்டு வை."

"தவறு. மறுபடி."

"இரண்டாம் நம்பர். மாமியார். ஒளித்து வை."

"தவறு. மறுபடி."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டும் ஒரே வழியில் வெளியேறின. வாழ்நாளெல்லாம் எதையும் நேராகச் சொல்லாதவன். மனைவியை அனுப்பிவைத்த வாய். அந்த வாய் இன்றைக்கு ஒருவனை உயிரோடு வைத்திருக்கிறது. சொல்லிக்கொண்டே இருந்தால் போதும். காளிதாசன் சந்தேகப்பட்டு யாரையாவது அனுப்புவான். அடுத்த ஷிப்ட் வரும். யாராவது வருவார்கள். கதவைத் திறப்பார்கள்.

பூனையைக் குளிப்பாட்டச் சொன்னான். அமைச்சரைக் கட்டிவைக்கச் சொன்னான். பால் மரத்தைத் திரும்ப நட்டுவைக்கச் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் அது காத்திருந்தது, கேட்டது, தவறு என்றது, மறுபடி சொன்னது. சலிப்பே இல்லை. இவ்வளவு பொறுமையாக யாரும் அவன் ஜோக்குகளைக் கேட்டதில்லை.

வாய் உலர்ந்தது.

வார்த்தைகள் முன்பு போல் வரவில்லை. சொன்னதையே சொன்னான். பந்தல் கட்டி வை. லெமாங் சுட்டு வை. நாக்கு கனத்தது; சுற்றிப் போக மறுத்தது; நேரான பாதை இருக்க ஏன் இந்தப் பாடு என்றது. அடுப்பு சுட்டு வை, என்று ஒரு முறை வந்துவிட்டது.

"தவறு," என்றது குரல். கொஞ்சம் கனிவாக. "பக்கத்தில் வந்துவிட்டாய். மறுபடி."

திரையில் டார்ச் வெளிச்சம் வேகம் குறைந்திருந்தது. இப்போது அது ஆடவில்லை. கண்ணாடித் துளையோடு ஒட்டி, நிலையாக, இந்தப் பக்கம் பார்த்தபடி நின்றது. யாரோ சொல்வதைக் கேட்கக் காது கொடுப்பது போல.

வெளியே மூன்றாவது ஆள் தன் வாக்கி டாக்கியை முகமூடிக்கு அருகில் உயர்த்தினான்.

"இரண்டாம் நம்பர். அடுப்பு. பற்ற வை."

குணாளன் யோசித்தான். ஏதாவது. ஒரு சொல். எந்தச் சொல்லானாலும். பாப்பாவின் பெயரைக்கூட. வாயைத் திறந்தான்.

தன் குரல் அறைக்குள் தெளிவாக ஒலிப்பதைக் கேட்டான். ஒரு சொல் சிந்தவில்லை.

வாக்கி டாக்கி கரகரத்தது. எதையோ மெல்லுகிற சத்தம் கேட்டது.

"சரி ணே," என்றது புவனேசனின் குரல்.

வலது கை தொடையிலிருந்து எழுந்தது.